அறச்சாலையின் கணக்கேடு

மாத்தளையிலிருந்து புறப்பட்டாலும் வத்தேகமவிலிருந்து புறப்பட்டாலும், எல்கடுவவுக்குச் செல்லும் பாதை மலையைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறுகின்றது. ஒரு மருங்கில் தேயிலை. மறு மருங்கில் பள்ளம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தே அமைந்த இச்சிற்றூரை உல்லாசப் பயணிகள் ஹுனாஸ் நீர்வீழ்ச்சியின் பெயராலே அறிவர். சூழவுள்ள தோட்டங்களில் வாழ்கின்ற மக்களோ அதன் தொலைவினாலே அதனை அறிவர். நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வலிப்புக் கண்டால், மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கு எத்தனை கட்டை, இந்நேரத்தில் வாகனம் எங்கே கிடைக்கும் என்பதே லயத்து மக்கள் முதலில் போடுகின்ற கணக்கு.

இன்னொரு கணக்கும் அவர்களுக்கு உண்டு. காலையிலே பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைக்குப் ‘பேர்’ விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துப் பேச்சிலே ‘பேர்’ என்பது ஒருவருடைய பெயரையன்று, ஒரு நாட் கூலியைக் குறிக்கின்ற சொல். காய்ச்சலுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகின்ற தாய்க்கு அங்கே மருந்து இலவசம். டாக்டரின் ஆலோசனையும் இலவசம். ஆயினும் அவள் ஒரு பேரை இழக்கின்றாள். பஸ் கட்டணம் கொடுக்கின்றாள். வரிசையில் நின்ற களைப்பிலே கடையில் தேநீரும் பணிசும் வாங்குகின்றாள். வீடு திரும்பும்போது அந்த இலவச மருந்தின் விலை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதனாலேதான் பல சமயங்களில் நோய் முற்றும் வரை கொத்தமல்லித் தண்ணீரோடு நாட்கள் கழிந்துவிடுகின்றன.

‘கம்பனிகளின் சமூகப் பொறுப்பு’ என்னும் தொடர் அடிக்கடி காதில் விழுகின்ற இக்காலத்தில், இவ்விரு கணக்குகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே அத்தொடரை ஆராய்தல் தகும் என்று கருதுகின்றோம். ஹோவார்ட் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதியது 1953ஆம் ஆண்டில். அன்று வகுப்பறைப் பொருளாயிருந்த அவ்வெண்ணம் இன்று கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலே தனியோர் அத்தியாயமாகிவிட்டது. அவ்வத்தியாயத்தைப் புரட்டினால் நாம் காண்பவை பெரும்பாலும் மூன்று படங்கள்: ஒரு கட்டடத்தின் திறப்புவிழா, ஓர் இயந்திரத்தின் கையளிப்பு, ஒரு பெரிய அட்டைக் காசோலை. வைத்தியசாலைக்குக் கொடுத்த கொடை அவ்வைத்தியசாலையிலே பின்னர் என்னவாயிற்று என்று சொல்லும் படம் அபூர்வம். கட்டில் கொடுத்தவரை ஊர் நினைவிற் கொள்கின்றது. கட்டிலில் ஆள் கிடந்தாரா, அவருக்கு வேளைக்கு மருந்து கிடைத்ததா என்று கேட்பவர் ஒருவருமில்லை. எங்கள் வழக்கு இவ்வளவே: தரும வைத்தியசாலைக்குக் கம்பனிகள் செய்யக்கூடிய உதவிகளுள் இன்று மிகவும் வேண்டப்படுவது நிர்வாகத்துக்கான உதவி. அதுவே மிகக் குறைவாகக் கிடைப்பதும் ஆகும்.

மலையகத்துக்கு இது புதிய பாடமன்று. கோப்பித் தோட்டங்களின் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் கதையை நம் வாசகர்கள் அறிவர். வாந்திபேதியும் அம்மையும் அவர்களோடு கூட நடந்தன. எத்தனையோ பேர் மாத்தளையைக் காணாமலே மாண்டனர். இத்தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட மாவட்டங்களில் வைத்திய அதிகாரிகளும் ஆஸ்பத்திரிகளும் ஏற்பட வேண்டும். செலவின் ஒரு பகுதியை ஏக்கர்க் கணக்கில் தோட்டங்கள் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். துரைமார் இதனை விரும்பவில்லை. பிற்காலத்தில் ஏக்கர் வரி போய், ஏற்றுமதிப் பொருளின் மீது தீர்வை வந்தது.

அந்த ஆஸ்பத்திரிகளின் வரலாற்றிலே நெஞ்சை உறுத்துகின்ற செய்தி ஒன்றுண்டு. தொழிலாளர் அவற்றுக்குச் செல்ல அஞ்சினர். வேலை செய்யக்கூடிய நிலையிலுள்ள நோயாளியைத் தோட்டம் எளிதில் அனுப்புவதில்லை. சாகுந் தறுவாயிலே அனுப்பியது. அங்கே சென்றவர் பலர் மீளவில்லை. மீளாதவரைக் கண்டு ஏனையோர், ஆஸ்பத்திரி என்பது சாவதற்கான இடம் என்று முடிவு கட்டினர். அம்முடிவினாலே அவர்களும் இயன்றவரை ஒளிந்திருந்து, இறுதி நிலையிலேயே போய்ச் சேர்ந்தனர். கட்டடம் இருந்தது, டாக்டர் இருந்தார், தீர்வைப் பணமும் வந்தது. லயத்திலிருந்து நோயாளியை எந்த நாளில், யார், எப்படிக் கொண்டுவருவது என்னும் ஒழுங்கு மட்டுமே இருக்கவில்லை. அந்த ஒழுங்கின்மைக்கு எத்தனை உயிர்கள் பலியாயின என்று சொல்வாரில்லை.

1912இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன. தன் எல்லைக்குள்ளேயே ஏற்ற முறையில் மருந்தகமோ ஆஸ்பத்திரியோ நடத்துகின்ற தோட்டத்துக்கு, கட்டிய தீர்வையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வழி செய்யப்பட்டது. தோட்டந்தோறும் ‘டிஸ்பென்சரி’ என்று இன்றும் நாம் வழங்குகின்ற மருந்தறைகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சட்டம் எதனை எண்ணிப் பார்க்கின்றதோ அதுவே கிடைக்கும் என்பதற்கும் இம்மருந்தறைகள் சான்று. கட்டடம் உண்டா, மருந்து கலப்பவர் உண்டா, அலமாரி உண்டா என்று எண்ணினார்கள், எண்ணியவை இருந்தன.

சுதந்திரத்தின் பின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாட்டின் பிறபகுதிகளிலே இலவச வைத்தியசேவை வேரூன்றிப் பரவிய அதே ஆண்டுகளில், தோட்டத்து நோயாளி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டார். 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பினரும் சேர்ந்த ஒரு நலன்புரி நிதியமும் அவ்வாண்டிலேயே தோன்றி, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறிற்று. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றைச் சுகாதார அமைச்சு படிப்படியாக ஏற்கத் தொடங்கியது. எனினும் அன்றாட நோய்க்கு இன்றும் பல தோட்டங்களிலே முதற்கதவு அம்மருந்தறைதான்; முதல் டாக்டர் அங்குள்ள தோட்ட வைத்திய உதவியாளர்தான்.

எல்கடுவவின் பெயரையே தாங்கிய பெருந்தோட்டக் கம்பனி ஒன்றும் உண்டு. தனியார் கைக்குச் சென்ற ஏனைய பலவற்றைப் போலன்றி அஃது அரசாங்கத்தின் பொறுப்பிலே இயங்கி வந்தது. அரசாங்கத் தோட்ட நிறுவனங்கள் மூன்றும் தொழிலாளரின் சேமலாப நிதியைச் செலுத்துவதில் நிலுவை வைத்த செய்தி நாடாளுமன்றம் வரை சென்றதை நாம் மறக்கவியலாது. இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடல் நன்று. சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது கடமை. அதற்குச் சமூகப் பொறுப்பு என்று வேறு பெயர் சூட்டிப் பெருமை கொள்ள இடமில்லை. கடமை தீர்ந்த பிறகு கொடுப்பதே கொடை. யாம் இங்கே பேசுவது அக்கொடையைப் பற்றியே.

நிர்வாகம் என்ற சொல்லைக் கேட்டதும் அது மேல்நாட்டார் கொணர்ந்த வணிகச் சரக்கு என்று நினைப்பாரும் உளர். அவர்கள் திருமுக்கூடல் வரை ஒருமுறை சென்று வரலாம். காஞ்சிபுரத்துக்கு அணித்தாக, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடத்திலே உள்ள பெருமாள் கோயிற் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்றுண்டு. அக்கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையின் செய்தி அதிலே வருகின்றது. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், சத்திரசிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீருக்கு ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு இத்தனை கலம் நெல், இத்தனை காசு என்பது பொறிக்கப்பட்டுள்ளது. நோயாளிக்கு நாளொன்றுக்குரிய அரிசியும், இரவு விளக்குக்குரிய எண்ணெயும்கூட விடுபடவில்லை. ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் வரிசையாகக் காணப்படுகின்றன.

அச்சாலை ஊரார் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று மயங்கிவிடக்கூடாது. அங்கே கற்ற மாணவரும் கோயிற் பணியாளருமே அதற்குரியோர். ஆயினும் அக்கல்வெட்டை வெட்டுவித்தவர்கள் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தனர். ‘ஆதுலர் சாலை கட்டினோம்’ என்று மட்டும் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறையில் சுவர் இருக்கும், சாலை இராது. ஆகவேதான் எண்ணெய் வரைக்கும் எழுதினர். நம் நாட்டு மிகிந்தலையிலும் இதற்கொப்பான செய்தியைக் காணலாம். பண்டைய ஆதுலசாலையின் இடிபாடுகளும் மருந்தெண்ணெயில் நோயாளியைக் கிடத்துகின்ற கற்றொட்டியும் மலையடிவாரத்திலே இருக்க, அவ்விகாரைக்கென 4ஆம் மகிந்த மன்னன் 10ஆம் நூற்றாண்டில் நாட்டிய கற்பலகைகள், பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியத்தைச் சொல்வதோடு, நாட்செலவைப் பதிந்து வைக்க வேண்டும், ஆண்டுக் கணக்கைச் சங்கத்தார் நடுவே படித்துக் காட்ட வேண்டும் என்றும் விதிக்கின்றன.

திருவள்ளுவரும் மருந்தைப் பற்றிய அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைச் செய்து கொடுப்பவர். உரையாசிரியர்கள் நான்காமவரைப் பணியாளர் என்று கொண்டு விரைவாகக் கடந்துவிடுகின்றனர். இக்காலத்திலே அந்நான்காமவர் ஓர் ஆளல்லர். பதிவேடு எழுதுபவர், மருந்துக் களஞ்சியக்காரர், கருவிகளைப் பழுது பார்ப்பவர், நோயாளியை வரிசைப்படுத்துபவர் என்று ஒரு கூட்டமே அப்பெயருக்குள் அடங்கும். கொடையாளரின் கண்ணுக்குப் புலப்படாதவரும் இவரே.

இவரைக் கண்டுகொண்ட ஓர் இடத்தைப் பற்றி இனிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது மதுரையில் இருக்கின்றது.

டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்திலே 1918இல் பிறந்தவர். இளமையிலேயே கொடிய மூட்டுவாதம் தாக்கிக் கைவிரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் சத்திரசிகிச்சை நிபுணரானார். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டிலே, பதினொரு படுக்கைகளோடு மதுரையில் ஒரு வீட்டிலே அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கொடுக்கக்கூடியவரிடம் பணம் வாங்குவது, கொடுக்கவியலாதவருக்கு இலவசமாகச் செய்வது, இருவருக்கும் ஒரே சத்திரசிகிச்சை நிபுணர் என்பது அவர் வகுத்த நெறி. தாம் யாருக்கும் கடன்படாது இதனை எவ்வாறு நடத்துவது என்று அவர் சிந்தித்தபோது, எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே தரத்தில், ஒரே விரைவில் உணவு தருகின்ற அமெரிக்கச் சிற்றுண்டிக் கம்பனியான மக்டொனால்ட்ஸை உதாரணங்காட்டினார் என்பதை அறிந்தபோது நமக்கு முதலில் சிரிப்பே வந்தது. ஆன்மிக நாட்டமுடைய அந்த முதியவருக்கும் இறைச்சி ரொட்டிக் கடைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு சத்திரசிகிச்சைக் கூடத்திலே இருக்கின்றது. ஒரு நிபுணருக்கு இரு மேசைகள். ஒன்றில் அவர் ஒரு கண்புரையை அகற்றிக்கொண்டிருக்கையில், மற்றதில் அடுத்த நோயாளி கழுவித் துடைத்து ஆயத்தமாகக் கிடக்கின்றார். முதல் வேலை முடிந்ததும் நுண்நோக்கி இப்பக்கம் திரும்புகின்றது. டாக்டர் எழுந்து அலைவதில்லை. கண்ணைச் சோதிப்பது, மருந்திடுவது, கருவியைக் கொதிக்க வைப்பது, நோயாளிக்கு ஆறுதல் சொல்வது ஆகிய யாவற்றையும் கிராமங்களிலிருந்து தெரிந்தெடுத்து இரண்டாண்டு பயிற்றப்பட்ட பெண்கள் செய்கின்றனர். டாக்டருக்கு மட்டுமே உரிய வேலை டாக்டரிடம் போகின்றது. இவ்வொழுங்கினால் அங்குள்ள நிபுணர் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2000 சத்திரசிகிச்சைகள் செய்ய முடிகின்றது. பிற இடங்களிலே அதன் கால்வாசியை எட்டுவதே அரிது.

இதன் பொருளாதாரத்தை ஒரு சிறு கணக்கினாலே விளக்கலாம். ஒரு தரும வைத்தியசாலைக்கு, நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம், மின்சாரம், கட்டடம் என்று மாதம் பத்து இலட்சம் ரூபா செலவாகின்றது என்று கொள்வோம். அம்மாதத்தில் 100 பேருக்குச் சிகிச்சை அளித்தால் தலைக்குப் பத்தாயிரம்; 400 பேருக்கு அளித்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு. கொடையாளர் மேலும் ஒரு ரூபாகூடக் கொடாமலே நான்கு மடங்கு தருமம் நடந்துவிடுகின்றது. ஒழுங்கற்ற வைத்தியசாலை எவ்வளவு நன்கொடையையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்பதன் காரணமும் இதுவே.

அரவிந்தின் கதை பலருக்குத் தெரியும். அதன் பின்னே நடந்ததுதான் நம் பொருளுக்கு நெருங்கியது. சர்வதேச லயன்ஸ் கழகங்கள் இந்தியாவிலே பல கண் வைத்தியசாலைகளைக் கட்டிக் கொடுத்திருந்தன. நல்ல கட்டடங்கள், நல்ல கருவிகள். எனினும் அவற்றுட் பல தம் ஆற்றலில் ஒரு பகுதியையே பயன்படுத்தின. கட்டில்கள் வெறுமையாய்க் கிடந்தன. கழகத்தார் மேலும் கட்டிக்கொண்டே போயிருக்கலாம். அதற்கு மாறாக, லயன்ஸ் கழகங்களும் சேவா என்னும் அறநிறுவனமும் துணை நிற்க, அரவிந்த் 1992இல் மதுரையிலே ஒரு பயிற்சி நிலையத்தை அமைத்தது. லைக்கோ என்று சுருக்கமாக வழங்குகின்ற அந்நிலையம் பிற வைத்தியசாலைகளுக்கு நிர்வாகத்தைக் கற்பிக்கின்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் துளசிராஜ். டாக்டரல்லர், நிர்வாகவியல் கற்றவர்.

அங்கே கற்பிக்கும் முறையும் சுவையானது. உதவி வேண்டுகின்ற வைத்தியசாலை முதலில் தன் கணக்குகளை எழுதி அனுப்ப வேண்டும்: எத்தனை டாக்டர், எத்தனை கட்டில், மாதந்தோறும் எத்தனை சிகிச்சை. பின்னர் மதுரையிலிருந்து ஒரு குழு நேரிற் சென்று பார்க்கும். அதன் பின் அவ்வைத்தியசாலையின் டாக்டர், தாதி, நிர்வாகி, அறங்காவலர் ஆகியோர் ஒன்றாக மதுரைக்கு வந்து, சில நாட்கள் தங்கி, கூடங்களிலே நின்று பார்த்து, தங்கள் ஊருக்கான திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொண்டு திரும்புவர். சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை விசாரிப்பு நடக்கும். டாக்டர் மட்டும் தனியே வந்து கற்றுத் திரும்பினால் ஊரிலே அவர் பேச்சு எடுபடாது என்பதை அனுபவத்தால் அறிந்தே கூட்டமாக வரச் சொல்கின்றனர். இவ்வாறு முப்பதளவான நாடுகளிலே 300க்கு மேற்பட்ட கண் வைத்தியசாலைகள் பயன் பெற்றுள்ளன. கட்டடத்துக்குக் கொடுத்த பணம் ஓர் ஊரிலே நின்றுவிடுகின்றது. இந்நிலையத்துக்குக் கொடுத்த பணம் நூறு ஊர்களிலே நடமாடுகின்றது.

நிர்வாகம் என்பது நோயாளியைப் பொருளாக்கிவிடும், ஆலைச் சரக்கைப் போல உருட்டிவிடும் என்று ஐயுறுவோர் சொல்வதைப் புறக்கணிப்பதற்கில்லை. எண்ணிக்கையையே தெய்வமாக்கினால் அது நடக்கத்தான் செய்யும். ஆனால் எண்ணிக் கணக்கெடுத்தவர்களே நோயாளியின் உள்ளத்தையும் கண்டறிந்தனர் என்பதற்கும் மதுரைப் பக்கத்திலேயே சான்றுண்டு. கிராமந்தோறும் இலவசக் கண் முகாம் நடத்தி, தாங்கள் எல்லோரையும் அடைந்துவிட்டதாகவே முகாம் நடத்துவோர் நினைப்பது இயல்பு. 1999இல் வெளியான ஓர் ஆய்வு அவர்களை உலுக்கிற்று. கண்ணிலே குறையுடைய கிராமத்தவருள் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு! அச்சம், செலவு, வீட்டை விட்டு வர முடியாமை, ‘முதுமையில் இஃது இயல்புதானே’ என்ற எண்ணம் என்று காரணங்கள் பல. இவ்வறிவின் பின்னரே, 2004 முதலாகச் சிற்றூர்களிலே நிரந்தரமான சிறு பார்வை நிலையங்களைத் திறந்து, தொலைத்தொடர்பின் மூலம் நகரத்து டாக்டரோடு நோயாளியைப் பேச வைத்தனர். எல்கடுவத் தாயின் இழந்த பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றிய கணக்கை எவரும் எடுக்காத வரையில் அவள் வராமை ‘அறியாமை’ என்றே எழுதப்படும்.

கம்பனிகளுக்கு மீள்வோம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தன் 150ஆவது ஆண்டை ஒட்டி 2003இல் கண் பார்வைத் திட்டமொன்றைத் தொடங்கியபோது, ஊழியர் ஒருவருக்கு ஒரு பார்வையாக 28,000 பேருக்குப் பார்வை அளிப்பதே அதன் குறி. வளர வளர அத்திட்டம் சத்திரசிகிச்சைச் செலவைக் கொடுப்பதோடு நில்லாது பயிற்சிக்கும் சிறு நிலையங்களுக்கும் கொடுக்க முன்வந்தது. 2020ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி டாலர் திரட்டுவதென்ற இலக்கையும் எட்டியது. ஒரு கொடையாளர் தொடக்கத்தில் எண்ணிக்கையை நாடி, போகப்போக ஒழுங்கின் அருமையை உணர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இந்தியாவோ இதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் முந்திய மூவாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கின்றது. 2014 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் கீழ் முதலில் எழுந்த விதிகளைப் படிப்பவர் ஓரிடத்திலே நின்றுவிடுவர். கம்பனிகள் தம் ஆட்களையும், தாம் பணம் கொடுக்கின்ற நிறுவனங்களின் ஆட்களையும் பயிற்றித் திறன் வளர்க்கலாம். ஆனால் அதற்கான செலவு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது! வீண்செலவைத் தடுக்கவே இவ்வரம்பு என்பது விளங்குகின்றது. எனினும் நிர்வாகத்தைச் செம்மை செய்வதையும் வீண்செலவையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டார்களே என்று வருந்தாதிருக்க முடியவில்லை. மனிதரைப் பயிற்றும் செலவு மேற்செலவு, செங்கல் வாங்கும் செலவு மட்டுமே தருமம் என்னும் பழைய எண்ணம் சட்டம் எழுதியவர்களையும் விடவில்லை போலும்.

இலங்கையிலே அத்தகைய கட்டாயம் இல்லை. கொடுப்பவர் தம் விருப்பப்படி, விரும்பிய இடத்துக்குக் கொடுக்கின்றனர். நம் நாட்டின் இலவச வைத்தியசேவை பெருமைக்குரியது. அதன் பொறுப்பை அரசாங்கம் கம்பனிகளின் தலையிலே இறக்கிவிட்டு ஒதுங்குவதை எவ்வகையிலும் ஆதரிக்கவியலாது. ஆனால் தோட்டத்து மருந்தறை இன்னும் இரு உலகங்களுக்கு நடுவிலே நிற்கின்றது. அதற்கு ஒரு கம்பனி, அது தேயிலைக் கம்பனியாயினும் மலைக்காற்றை விற்கின்ற ஹோட்டலாயினும், தேயிலையை வாங்கிப் பொதி செய்து கடல் கடந்து அனுப்பும் நிறுவனமாயினும், உதவ விரும்பினால் எங்கே தொடங்கலாம்?

மருந்து அலமாரியிலே தொடங்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு மருந்தறையிலே நீரிழிவுக்கான வில்லைகள் மாதம் 600 செலவாகின்றன என்க, நாளுக்கு 20. கேட்டெழுதினால் வந்து சேர 45 நாள் ஆகும்; மழைக்காலத்திலே பாதையில் மண் சரிந்தால் மேலும் 15 நாள் தாமதிக்கலாம். அப்படியாயின் அலமாரியில் 1200 வில்லைகள் இருக்கும்போதே அடுத்த கட்டளை போக வேண்டும். இஃது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இக்கணக்கைப் போட ஆளும், எழுத ஏடும், எழுதியதைப் பார்க்க மேலாளரும் இல்லாமையாலேயே ‘மருந்து முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள்’ என்ற வாசகம் பிறக்கின்றது. அடுத்த கிழமை என்றால் இன்னொரு பேர்.

பிறகு நேரம். கொழுந்து மலையிலே இருக்கின்ற வேளையில் மருந்தறை திறந்திருந்து, மாலை நிறுவை முடிந்து பெண்கள் இறங்குகின்ற வேளையில் பூட்டப்படுமாயின், அது யாருக்காகத் திறந்திருந்தது? மாலையில் இரண்டு மணித்தியாலம் திறப்பதற்கு மேலதிகக் கொடுப்பனவு எவ்வளவாகும் என்று கணக்கிட்டால், ஒரு திறப்புவிழாவின் பந்தற்செலவுக்குள் பல மாதங்கள் அடங்கிவிடும். கையளித்த இயந்திரம் பழுதானால் யாரை அழைப்பது, உதிரிப்பாகத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதைக் கையளிக்கும் நாளிலேயே எழுதி ஒப்பமிடுவதும் இவ்வகையினதே. இரத்த அழுத்தம் பார்க்க வந்த நூறு பேருள் அடுத்த மாதம் வராதவர் எத்தனை பேர் என்று ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, லயத்துக்கு ஆளனுப்பி விசாரித்தால், நகரத்துப் பெரியாஸ்பத்திரியின் அவசர வார்டுக்குப் போகும் வண்டிகளிற் சில போகாமலே நின்றுவிடும்.

தோட்டத்துப் பிள்ளைகளுள் இன்று உயர்தரப் பரீட்சையிலே தேறி, கணக்கியலும் முகாமைத்துவமும் கற்று, வேலை தேடிக் கொழும்புக்கு இறங்குகின்றவர்கள் பலர். அவர்களுள் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அருகருகேயுள்ள நான்கைந்து மருந்தறைகளுக்குப் பொதுவான நிர்வாகியாக நியமித்து, மதுரை போன்றதோர் இடத்திலே சில கிழமை பயிற்றி, மூன்றாண்டுச் சம்பளம் கொடுப்பதற்கு ஒரு கம்பனி முன்வரலாம். லயத்துப் பேச்சு அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் படுக்கையிலே கிடக்கின்றார் என்பதும் தெரியும். பேர் விழுவது என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. மிகிந்தலைக் கற்பலகை விதித்ததுபோல் ஆண்டிறுதியில் அவர் தம் கணக்கேட்டை எடுத்து, எத்தனை பேர் வந்தனர், எத்தனை நாள் மருந்து இல்லாதிருந்தது, எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று வாசிக்க வேண்டும். வாசிக்கும் இடம் கம்பனியின் தலைமையகமாக இருப்பதிலும், தோட்டத்துப் பிரட்டுக்களமாக இருப்பதையே நாம் விரும்புவோம்.